தாமஸ் பெட்டர்டன்: அரை நூற்றாண்டு லண்டன் மேடையை ஆண்டவரைப் பற்றி யார் சொன்னதை நம்புவது?

திரைமறைவு:

இந்த மன்றத்தில் பெட்டர்டனுக்குத் தனி இழை இல்லாததால் தொடங்குகிறேன். 1660இல் மன்னராட்சி திரும்பியதும் லண்டன் நாடக அரங்குகள் மறுபடி திறந்தன. அப்போது மேடையேறிய இந்த மனிதர் 1710 ஏப்ரலில் இறக்கும் வரை முதன்மை நடிகராகவே இருந்தார். ஹாம்லெட், மாக்பெத், ஒதெல்லோ, புரூட்டஸ் ஆகியவற்றோடு ஃபால்ஸ்டாஃப், சர் டோபி பெல்ச் போன்ற நகைச்சுவைப் பாத்திரங்களையும் செய்திருக்கிறார். மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட வேடங்கள்.

இவரைப் பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது. குரல் கணீரென்று இருந்தது என்கிறார் ஒருவர், அடித்தொண்டை முணுமுணுப்பு என்கிறார் இன்னொருவர். ஷேக்ஸ்பியரே சொல்லிக்கொடுத்த நடிப்பு வழிவழியாக இவருக்கு வந்தது என்ற கதையும் எல்லா இடத்திலும் இருக்கிறது. 1695இல் பெரிய நிறுவனத்தை உடைத்துக்கொண்டு வெளியேறியதைச் சிலர் வீரம் என்கிறார்கள், சிலர் பணத் தகராறு என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

பழையஏடு:

நல்ல இழை. முதலில் உறுதியான தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1635 ஆகஸ்ட் 11 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் புனித மார்கரெட் தேவாலயத்தில் ஞானஸ்நானம். தந்தை மாத்யூ, முதலாம் சார்ல்ஸ் மன்னரின் சமையற்கூடத்தில் உதவிச் சமையற்காரர். பையனைப் புத்தக வியாபாரியிடம் தொழில் பழக விட்டார்கள். அந்த வியாபாரி ஜான் ரோட்ஸ் என்பது ஒரு மரபு, நாடகாசிரியர் டாவெனன்ட்டின் நூலை வெளியிட்ட ஜான் ஹோல்டன் என்பது இன்னொன்று. ரோட்ஸ் உள்நாட்டுப் போருக்கு முன் பிளாக்ஃப்ரையர்ஸ் நாடகக் குழுவின் உடுப்புக் காப்பாளராக இருந்தவர். ட்ரூரி லேனிலிருந்த காக்பிட் அரங்கைச் செப்பனிட்டு இளைஞர்களைக் கொண்டு நாடகம் போட்டவரும் அவரே. பெட்டர்டன், எட்வர்ட் கைனாஸ்டன் இருவருமே அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்.

1660 ஆகஸ்டில் இரண்டாம் சார்ல்ஸ், தாமஸ் கில்லிகுரூவுக்கும் சர் வில்லியம் டாவெனன்ட்டுக்கும் மட்டும் நாடகம் நடத்தும் உரிமை கொடுத்தார். கில்லிகுரூவினுடையது அரசர் குழு, டாவெனன்ட்டினுடையது டியூக் குழு. மூத்த, பழகிய நடிகர்கள் பெரும்பாலும் அரசர் குழுவுக்குப் போனார்கள். டாவெனன்ட்டுக்குக் கிடைத்தது அனுபவம் குறைந்த இளைஞர் கூட்டம், அதில் பெட்டர்டன் முதல் ஆள்.

இனி அந்த ஷேக்ஸ்பியர் கதை. அதன் ஊற்று ஒரே ஒருவர்: டியூக் குழுவின் பிராம்ப்டர் (மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர்) ஜான் டௌன்ஸ், 1708இல் அச்சிட்ட சிறு நூலில் எழுதியது. அவர் இரண்டு தனித்தனிச் சங்கிலிகளைத் தருகிறார். இரண்டையும் ஒன்றாகக் கலப்பதால்தான் குழப்பம் வருகிறது.

ஹாம்லெட்டுக்கான சங்கிலி: ஷேக்ஸ்பியர் நடிகர் ஜோசஃப் டெய்லருக்குக் கற்பித்தார், டெய்லர் நடித்ததை டாவெனன்ட் பார்த்தார், அதைப் பெட்டர்டனுக்கு ஒவ்வொரு நுணுக்கமாகச் சொல்லிக்கொடுத்தார். இதன் முதல் கண்ணி நிற்காது. ஷேக்ஸ்பியர் இறந்தது 1616இல், டெய்லர் ஷேக்ஸ்பியரின் குழுவில் சேர்ந்தது 1619இல், அதன் முதன்மை நடிகர் ரிச்சர்ட் பர்பேஜ் இறந்த பிறகு. டெய்லர் பார்த்துப் பழகியிருக்கக்கூடியது பர்பேஜின் ஹாம்லெட் நடிப்பை.

எட்டாம் ஹென்றிக்கான சங்கிலி: ஷேக்ஸ்பியர், ஜான் லோவின், டாவெனன்ட், பெட்டர்டன். லோவின் 1603 முதலே அந்தக் குழுவில் இருந்தவர், நாடகம் எழுதப்பட்ட காலத்திலும் இருந்தார். இதில் கால முரண் கிடையாது.

எனவே கதையை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம், முழுக்க விழுங்கவும் வேண்டாம். டாவெனன்ட் போருக்கு முந்தைய மேடையை நேரில் பார்த்தவர், தானே அங்கே நாடகம் எழுதியவர். பதினெட்டு ஆண்டு நாடகத் தடைக்குப் பின் அந்த நினைவைச் சுமந்துவந்த ஆட்கள் மிகச் சிலர். அந்த நினைவு பெட்டர்டனின் உடலுக்குள் போனது என்பதே எனக்குப் பெரிய செய்தி, அதற்கு ஷேக்ஸ்பியரின் கையொப்பம் தேவையில்லை.

மெழுகொளி:

அவர் நடித்த இடத்தைப் பார்க்காமல் நடிப்பைப் பேச முடியாது. 1661 ஜூன் கடைசியில் டியூக் குழு லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் திறந்த அரங்கு உண்மையில் ஒரு டென்னிஸ் கூடம். ஏறக்குறைய 75 அடி நீளம், 30 அடி அகலம். அதற்குள்தான் மேடை, பெட்டி இருக்கைகள், குழி (மேடைக்கு முன்னுள்ள தரைத்தள இருக்கைகள்), இரண்டு மாடங்கள் எல்லாமே. கடைசி இருக்கைக்கும் நடிகரின் முகத்துக்கும் உள்ள தூரம் மிகக் குறைவு.

மேடை இரண்டு பகுதி. முன்மேடை பார்வையாளர் பக்கமாக நீண்டிருக்கும். அதன் இருபுறமும் கதவுகள், நடிகர்கள் பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான் வருவார்கள். பின்பகுதியில் காட்சி வரைந்த மரச்சட்டத் தட்டிகள், பள்ளத்தில் ஓடும்படி ஜோடி ஜோடியாக. இரண்டையும் நடுவில் சேர்த்தால் ஒரு அறை, விலக்கினால் பின்னால் அடுத்த காட்சி. இதெல்லாம் மக்கள் கண்முன்னேயே நடக்கும். முன்னுரை பேசியதும் ஏறும் திரை, நாடகம் முடியும் வரை இறங்காது.

நாடகம் பிற்பகல் மூன்று, மூன்றரைக்குத் தொடங்கும். மேடைக்கு மேலே சரவிளக்குகளில் மெழுகுவர்த்தி. பார்வையாளர் பகுதியும் இருட்டாக இருக்காது, நடிகர் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடிக்கிறார். ஆரஞ்சு விற்கும் பெண்கள், பேசிக்கொண்டே இருக்கும் பிரபுக்கள், நடுவில் எழுந்து போகிறவர்கள். பெட்டிக்கு 4 ஷில்லிங், குழிக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், நடு மாடத்துக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், மேல் மாடத்துக்கு 1 ஷில்லிங். இந்த இரைச்சலில் கவனத்தைப் பிடித்து நிறுத்த இரண்டே வழி: அவர்களைவிடச் சத்தமாகக் கத்துவது, அல்லது அவர்களாகவே வாயை மூடும்படி செய்வது. பெட்டர்டன் இரண்டாவதைத் தேர்ந்தார். கைதட்டல் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஊன்றிக் கேட்கும் மௌனத்துக்கு அது ஈடாகாது என்று அவர் கருதியதாக நடிகர் காலி சிப்பர் எழுதுகிறார்.

காட்சித் தட்டிகள் பின்னால், நடிப்பு முன்னால் என்ற இந்த ஏற்பாட்டில்தான் கண்ணசைவுக்கு மதிப்பு வரும். புரூட்டஸாக வரும்போது காசியஸுடனான சண்டையில் அவருடைய கோபம் கண்ணுக்கு மட்டுமே போனது என்று சிப்பர் சொல்வதை இந்த அளவுகளோடு சேர்த்துப் படியுங்கள்.

நாடகப்பிரியை:

ஒரு சந்தேகம். தினம் ஒரு நாடகம் என்கிறார்கள். இத்தனை வேடங்களை எப்படி மனப்பாடம் செய்தார்கள்? முழுப் பிரதியும் கையில் இருந்ததா?

பழையஏடு:

இல்லை. முழுப் பிரதி பிராம்ப்டரிடம் மட்டும். நடிகருக்குத் தன் வசனங்களை மட்டும் எழுதிய தாள்கள் கொடுக்கப்படும். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால், எதிராளி பேசி முடிக்கும் கடைசி இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். அதைக் கேட்டதும் நீங்கள் தொடங்க வேண்டும். காட்சியின் மற்ற பாதி ஒத்திகையில்தான் காதில் விழும். டௌன்ஸ் தன் வேலையைச் சொல்லும்போது, எல்லா நாடகங்களுக்கும் வேடத் தாள்களை எழுதித் தந்ததையும், காலையில் ஒத்திகையிலும் பிற்பகலில் நிகழ்ச்சியிலும் உடனிருந்ததையும் குறிப்பிடுகிறார். அவர் 1661 முதல் 1706 வரை இதைச் செய்தவர். அவரும் முதலில் நடிகராகத்தான் மேடையேறினார். மன்னர் வந்திருந்த அவையைக் கண்டு நடுங்கிப்போய், அதோடு நடிப்பை விட்டுப் பிராம்ப்டரானார்.

புதிய நாடகம் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு நாள்தான் ஓடும். மூன்றாம் நாள் வரவு, செலவு போக, நாடகாசிரியருக்கு. 1663 டிசம்பரில் தொடங்கிய எட்டாம் ஹென்றி பதினைந்து நாள் தொடர்ந்து ஓடியதை டௌன்ஸ் பெருமையாகப் பதிவு செய்கிறார் என்றால் அது எவ்வளவு அபூர்வம் என்று பாருங்கள். ஓடி முடிந்த வேடத்தை மறக்கவும் முடியாது. ஆறு மாதம் கழித்து இரண்டு நாள் முன்னறிவிப்பில் மறுபடி வரும். வேடம் நடிகரின் சொத்துப்போல: ஒருமுறை உங்களுக்கு வந்தால் நீங்கள் விடும்வரை உங்களுடையது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் காதலர் வேடம் போட்டதற்குக் காரணம் இதுதான்.

இந்த முறை எங்கே உடையும் என்றால், முதன்மை நடிகர் படுக்கையில் விழும்போது. 1667 அக்டோபரில் பெட்டர்டன் நோயுற்றிருந்தார். மாக்பெத்தை அவருக்குப் பதில் யங் என்பவர் செய்தார். சாமுவேல் பீப்ஸ் போய்ப் பார்த்துவிட்டு, மோசமான நடிகரிடம் அந்த வேடம் போனதே என்று நாட்குறிப்பில் வருந்துகிறார்.

கல்தூண்:

வாள் சண்டையும் ஆபத்தான இடம். 1673இல் டியூக் குழுவின் நிகழ்ச்சி ஒன்றில் நடிகர் ஹென்றி ஹாரிஸின் வாள்முனை சக நடிகர் பிலிப் கேட்மனின் கண்ணுக்குக் கீழே பாய்ந்து, பேச்சும் உடலின் ஒரு பக்கமும் போனது. குழு அவருக்கு வாரப்படி கொடுத்து வந்தது. முனை மழுங்கிய வாள்தான், ஆனாலும் முகத்துக்கு அருகே வேகமாக வீசினால் இப்படி ஆகும்.

பங்குக்கணக்கு:

பணத்துக்கு வருகிறேன். 1695ஐப் புரிந்துகொள்ள 1660ஐப் பார்க்க வேண்டும்.

1660 நவம்பர் 5 அன்று டாவெனன்ட்டும் பெட்டர்டன் முதலான நடிகர்களும் ஒப்பந்தம் போட்டார்கள். புதிய காட்சியரங்கு தயாரானதும் வருமானம் பதினைந்து பங்கு. அதில் பத்து டாவெனன்ட்டுக்கு. இரண்டு பங்கு வாடகை, கட்டடம், காட்சிச் சட்டங்கள் ஆகியவற்றுக்கு. ஒன்று உடுப்பு, பொருள்கள், ஓவியத் தட்டிகளுக்கு. ஏழு பங்கு நடிகைகளைப் பராமரிக்கவும் அவருடைய உழைப்புக்கும். மீதி ஐந்து பங்கை நடிகர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். கூலிக்கு அமர்த்தியவர்களின் சம்பளம் பங்கு பிரிக்கும் முன்பே கழிந்துவிடும்.

மேலோட்டமாகப் பார்த்தால் கொள்ளை. ஆனால் பங்குதாரர் என்றால் வெறும் கூலி அல்ல. எந்த நாடகம், எந்த வேடம், யாரைச் சேர்ப்பது என்பதில் பேச்சு உண்டு. நான்கு முக்கிய நடிகைகளை டாவெனன்ட் தன் வீட்டிலேயே தங்க வைத்திருந்தார், அதற்கான செலவு அந்த ஏழு பங்கிலிருந்துதான். பெட்டர்டன் இந்த முறையில் வளர்ந்தவர். 1662 அக்டோபரிலேயே பீப்ஸ் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டது: நிதானமானவர், படிப்பாளி, அடக்கமானவர், சம்பாதித்துச் சேமித்து ஏற்கெனவே வசதியாகிவிட்டார்.

1668 ஏப்ரலில் டாவெனன்ட் இறந்ததும் நிர்வாகம் பெட்டர்டனிடமும் ஹாரிஸிடமும் வந்தது. அதற்கு ஆளுக்கு வாரம் 20 ஷில்லிங் தனி. அன்றிலிருந்து அவர் நடிகர் மட்டுமல்ல: நாடகம் தேர்வது, வேடம் பகிர்வது, ஒத்திகை பார்ப்பது, காட்சி இயந்திரங்கள் செய்விப்பது, அபராதம் போடுவது எல்லாம் அவர் தலையில்.

அபராதம் பற்றி ஒரு கதை சொல்வார்கள். இளம் சிப்பர் மேடையில் தடுமாறிக் காட்சியைக் கெடுத்துவிட்டார். ஐந்து ஷில்லிங் அபராதம் என்றார் பெட்டர்டன். அவனுக்குச் சம்பளமே கிடையாதே என்றார்கள். அப்படியானால் வாரம் பத்து ஷில்லிங் எழுதி, அதில் ஐந்தைப் பிடியுங்கள் என்றாராம். இது பிற்காலத்தில் எழுதப்பட்டது, ஆதாரமாக வைக்க வேண்டாம். ஆனால் பழகுநர்கள் முதலில் சம்பளமில்லாமல் காத்திருப்பதும், தவறுக்கு அபராதம் பிடிப்பதும் அன்றைய நடைமுறைதான்.

திரைமறைவு:

குரலுக்கும் உடலுக்கும் வருவோமா? நடிகர் ஆந்தணி ஆஸ்டன் பெட்டர்டனைப் பற்றி எழுதிய வருணனையை யாராவது முழுதாகச் சொல்லுங்கள்.

பழையஏடு:

ஆந்தணி ஆஸ்டன் சொல்வது: அழகற்ற உடல்வாகு, பெரிய தலை, குட்டையான தடித்த கழுத்து, கூனிய தோள்கள். கை குட்டை, வயிற்றுக்கு மேலே அரிதாகத்தான் தூக்குவார். இடது கை பெரும்பாலும் மேற்சட்டைக்கும் உள்சட்டைக்கும் நடுவே மார்பில் செருகியிருக்கும், வலது கையால் பேச்சைத் தயார் செய்வார். சிறிய கண்கள், அம்மைத் தழும்புள்ள அகன்ற முகம், தடித்த கால்கள். நடனம் சுத்தமாக வராது. குரல் தாழ்ந்தது, உறுமலானது. ஆனால் படிப்படியாக ஏற்றி, பகட்டுக்காரர்களும் ஆரஞ்சுப் பெண்களும்கூடக் கவனிக்கும்படி செய்துவிடுவார். அசைவுகள் சிலவே, ஆனால் பொருத்தமானவை.

டௌன்ஸ் சொல்வது: ரோட்ஸ் குழுவிலிருந்தபோதே குரல் பலமும் நிறைவும் தெளிவும் உள்ளது, பிற்கால உச்சத்தில் இருந்ததைப் போலவே.

இருவரும் பொய் சொல்லவில்லை. ஆஸ்டன் பார்த்தது அறுபது வயதைத் தாண்டிய மனிதரை, அவர் எழுதியது இன்னும் பல ஆண்டுகள் கழித்து. டௌன்ஸ் 1661 முதல் பக்கத்திலேயே இருந்தவர். ஆனால் வயது, தேதிகளில் அவர் கணக்குச் சறுக்கும்: 1660இல் பெட்டர்டனுக்கு 22 வயது என்கிறார், உண்மையில் 24, 25. நிகழ்ச்சிகளுக்கும் வேடப் பங்கீட்டுக்கும் அவரை நம்பலாம், ஆண்டுகளுக்கு வேறு பதிவோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பீப்ஸ் ஒருவர்தான் பார்த்த அன்றே எழுதியவர். 1661 ஆகஸ்ட் 24இல் ஹாம்லெட்டைப் பார்த்துக் கற்பனைக்கு எட்டாத நடிப்பு என்கிறார். நவம்பர் 4இல் உலகின் மிகச்சிறந்த நடிகர் என்கிறார். 1668 ஆகஸ்ட் 31இல் மறுபடி ஹாம்லெட், மனிதர் எவரும் நடித்ததிலேயே சிறந்த வேடம் என்று நம்புவதாக எழுதுகிறார். ஆனால் எப்படி நடித்தார் என்று பீப்ஸ் ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

மெழுகொளி:

அதைச் சொல்பவர் சிப்பர். அவர் 1690 வாக்கில் குழுவில் சேர்ந்தவர், சக நடிகர். ஆவியைக் காணும் காட்சியில் மற்றவர்கள் பேயைக் கண்டதும் கூச்சலிட்டுக் கோபம் காட்டுவார்களாம், அதற்குக் கைதட்டலும் விழுமாம். பெட்டர்டன் வாயடைத்த திகைப்பில் தொடங்குவார். ஒரு நிறுத்தம். பிறகு நடுங்கும், பக்தி கலந்த குரலில் மெல்ல எழும்புவார். ஆவி தனக்கு எவ்வளவு பயங்கரமோ அவ்வளவு பயங்கரமாகப் பார்ப்பவர்களுக்கும் ஆகிவிடும். அந்தக் காட்சியில் ஆவியாக நடித்த பார்ட்டன் பூத், தான் அவரைப் பயமுறுத்துவதற்குப் பதில் அவர்தான் தன்னைப் பயமுறுத்திவிட்டார் என்று சொன்னதாகவும் ஒரு குறிப்பு உண்டு.

இதை ஆஸ்டனின் உறுமல் குரலோடு வையுங்கள். குரலின் கீழ்த்தளத்திலிருந்து தொடங்குபவருக்கு ஏற இடம் நிறைய இருக்கிறது. உச்சியில் தொடங்குபவருக்கு மேலே போக வழியில்லை, மூன்றாவது வரியிலேயே மூச்சு தீர்ந்துவிடும். கையைத் தூக்காதவர் ஒரே ஒருமுறை தூக்கினால் அரங்கு முழுக்கப் பார்க்கும். குறை என்று ஆஸ்டன் அடுக்குவதில் பாதி அவருடைய முறையின் பகுதி என்பது என் உறுதியான கருத்து.

கல்தூண்:

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கூன் விழுந்த தோளும் பருத்த உடலும் முறை ஆகாது. ஆஸ்டன் அவரை எழுபது வயது ஹாம்லெட்டாகப் பார்த்து, பல்கலைக்கழக மாணவனுக்கு இது சற்று அதிகக் கனம், பதிலடிகள் இளைஞனின் மின்னலாக இல்லாமல் ஞானியின் வாசகங்களாக இருந்தன என்றும் எழுதுகிறார். அதே நேரத்தில் வேறு எவராலும் அந்த ஊரைத் திருப்திப்படுத்தியிருக்க முடியாது என்றும் சேர்க்கிறார். 1709 செப்டம்பரில் டாட்லர் இதழில் ரிச்சர்ட் ஸ்டீல் எழுதியதோ நேர்மாறு: நடை, குரல், துள்ளல் எல்லாம் நம்பிக்கைக்குரிய இளைஞனாகவே தெரிந்தன என்கிறார். ஸ்டீல் நண்பர், பாராட்ட எழுதியவர். இந்த ஒரு விஷயத்தில் ஆஸ்டன் பக்கம்தான் நான்.

மெழுகொளி:

ஹாம்லெட்டின் வயதைப் பொறுத்தவரை ஒப்புகிறேன் கல்தூண். கை, குரல் இரண்டையும்தான் முறை என்றேன். அவை ஐம்பதிலும் அப்படியே இருந்திருக்க வாய்ப்புண்டு.

பழையஏடு:

இன்னொரு எச்சரிக்கை. 1710இல் சார்ல்ஸ் கில்டன் பெயரில் வந்த பெட்டர்டன் வாழ்க்கை வரலாறு இருக்கிறதே, அதில் பெரும்பகுதி பெட்டர்டன் வாயில் வைத்துச் சொல்லப்படும் நடிப்பு இலக்கணம். கை எப்போது எங்கே, கண் எங்கே என்றெல்லாம் விதிகள். அவற்றில் நிறைய பிரெஞ்சு சொற்கலை நூல்களிலிருந்து எடுத்தவை, பிரசங்கிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் எழுதப்பட்டவை. அதை வைத்துக்கொண்டு பெட்டர்டன் இடது கையைத் தனியே அசைக்கக்கூடாது என்றார் என்றெல்லாம் மேற்கோள் காட்டாதீர்கள். அந்தக் காலம் நல்ல நடிப்பு என்று எதை நினைத்தது என்பதற்கு மட்டும் அது சாட்சி.

நாடகப்பிரியை:

பெட்டர்டனின் மனைவி மேரி சாண்டர்சனை யாரும் சொல்லவில்லையே.

பங்குக்கணக்கு:

சொல்லியே ஆக வேண்டும். டாவெனன்ட் வீட்டில் தங்கிய நால்வரில் ஒருவர், ஆங்கிலப் பொது மேடையின் முதல் தலைமுறை நடிகை. பீப்ஸ் அவரை எப்போதும் இயாந்தி என்றே அழைக்கிறார், 1661இல் அவர் செய்த வேடத்தின் பெயர் அது. 1662 டிசம்பரில் பெட்டர்டனை மணந்தார். ஜூலியட், ஒஃபீலியா, மாக்பெத் சீமாட்டி வேடங்களைச் செய்தவர். அதே 1662இல் ரோமியோ ஜூலியட்டில் ஹாரிஸ் ரோமியோ, பெட்டர்டன் மெர்குஷியோ.

அவருடைய ஆசிரியப் பணி இன்னும் பெரியது. 1675இல் அரண்மனையில் நடந்த நாடக நிகழ்ச்சிக்கு இளவரசிகள் மேரியையும் ஆனையும் பயிற்றுவித்தவர் அவர். பின்னாளில் நடிகையான ஆன் பிரேஸ்கர்டில் சிறுமியாக இருந்தபோதே அவர்கள் வீட்டில் வளர்ந்தவர். பெட்டர்டன் இறந்த பின் அரசியாகியிருந்த அதே ஆன், மேரி சாண்டர்சனுக்கு ஓய்வூதியம் வழங்கினார். 1712இல் மேரியும் இறந்தார்.

மெழுகொளி:

டோர்செட் கார்டன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1671 நவம்பர் 9 அன்று தேம்ஸ் கரையில் திறந்த புதிய அரங்கு, செலவு ஏறத்தாழ 9000 பவுண்டு. பெட்டர்டன் அதன் காப்பாளராக அரங்குக்கு மேலேயே குடியிருந்தார். பறக்கும் இயந்திரம், திறக்கும் தரைக்கதவு, நடனம், பாட்டு எல்லாம் உள்ள இசைநாடகங்களுக்காகவே கட்டியது. 1675இல் சைக்கி நாடகத்துக்குக் காட்சிகளுக்கு மட்டும் 800 பவுண்டுக்கு மேல் ஆனது.

இங்கேதான் அவர் கணக்கு பலமுறை தவறியது. 1683இல் பிரெஞ்சு இசைநாடகத்தைக் கொண்டுவர பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டு, இசையமைப்பாளர் லூயி கிராபுவுடன் திரும்பினார். 1685 ஜூனில் அந்தப் பெரும் படைப்பு மேடையேறிய சில நாளிலேயே மான்மத் பிரபு மன்னருக்கு எதிரான கிளர்ச்சியோடு கரையிறங்கிய செய்தி வந்தது. ஆறு நிகழ்ச்சியோடு நின்றது, குழு கடனில் விழுந்தது. 1690, 1691இல் இசையமைப்பாளர் பர்செல் இசையில் வந்தவை நன்றாகப் போயின. 1692இல் வந்த தேவதை அரசி என்ற இசைநாடகத்துக்கு 3000 பவுண்டு ஆனதாகப் பேச்சு. அரண்மனையும் நகரமும் மெச்சின, ஆனால் குழுவுக்கு மிச்சம் மிகக் குறைவு என்கிறார் டௌன்ஸ். காரணம் எளிது: காட்சி, இயந்திரம், பாடகர், நடனக்காரர் எல்லாச் செலவும் திரை ஏறும் முன்பே முடிந்துவிடும். அரங்கோ அளவானது. பல வாரம் ஓடினால்தான் முதல் திரும்பும். அவ்வளவு பார்வையாளர் அன்றைய லண்டனில் இல்லை.

பங்குக்கணக்கு:

இப்போது 1695.

1681 அக்டோபரில் பெட்டர்டன், நடிகர் வில்லியம் ஸ்மித், டாவெனன்ட்டின் மகன் சார்ல்ஸ் மூவரும் எதிர்க்குழுவின் நடிகர்கள் ஹார்ட், கைனாஸ்டன் இருவருடன் ரகசிய ஒப்பந்தம் செய்தார்கள். டியூக் குழு நாடகம் போடும் ஒவ்வொரு நாளும் ஆளுக்கு 5 ஷில்லிங். பதிலுக்கு அரசர் குழுவில் நடிக்கக் கூடாது. ஏற்கெனவே தள்ளாடிய அரசர் குழு 1682இல் இவர்களோடு இணைந்தது. லண்டனில் ஒரே நாடக நிறுவனம். போட்டியை அழித்ததில் பெட்டர்டனுக்குப் பங்கு உண்டு, இதை மறைத்துவிட்டு 1695ஐ வீரக்கதையாகச் சொல்வது நியாயமில்லை.

ஒரே நிறுவனம் என்றால் அதை யார் வாங்கினாலும் எல்லா நடிகர்களும் அவர் கையில். 1693 கடைசியில் கட்டுப்பாடு வழக்கறிஞர் கிறிஸ்டோபர் ரிச்சிடமும் சர் தாமஸ் ஸ்கிப்வித்திடமும் போனது. ரிச் செலவைக் குறைக்க மூத்தவர்களைத் தட்ட ஆரம்பித்தார். பெட்டர்டனின் முக்கிய வேடங்களை இளைஞர் ஜார்ஜ் பவலுக்கும், மூத்த நடிகை எலிசபெத் பாரியின் வேடங்களைப் பிரேஸ்கர்டிலுக்கும் கொடுக்கப் பார்த்தார்கள். பவல் வாங்கிக்கொண்டார், பிரேஸ்கர்டில் மறுத்துவிட்டார். வேடம் நடிகரின் சொத்து என்று பழையஏடு மேலே சொன்னாரே, அதில் கைவைத்ததுதான் உடைப்பின் மையம். சம்பளக் குறைப்பை அவர்கள் பேசித் தீர்த்திருக்கலாம். அதற்குக் கொஞ்சம் முன்புதான் கிழக்கிந்திய வணிகக் கப்பலில் போட்ட முதலீடும் பிரெஞ்சுக்காரர் பிடித்ததால் போனது; அறுபதை நெருங்கும் பெட்டர்டனுக்குப் பின்வாங்கச் சேமிப்பும் இல்லை.

பெட்டர்டனோடு வெளியேறிய நடிகர்களுக்குத் தனிக் குழு நடத்த 1695 மார்ச் 25 அன்று உரிமம் கிடைத்தது. பிரபுக்கள் 20 கினி, 40 கினி (கினி என்பது பொற்காசு) என்று சந்தா கொடுத்து அந்தப் பழைய டென்னிஸ் கூடத்தை மறுபடி அரங்காக்கினார்கள். ஏப்ரல் 30 அன்று நாடகாசிரியர் காங்கிரீவின் புதிய நகைச்சுவை நாடகத்தோடு திறப்பு, பதின்மூன்று நாள் ஓட்டம். காங்கிரீவுக்கு ஒரு முழுப் பங்கு. ஆண்டுக்கு ஒரு நாடகம் தருவதாக அவர் வாக்கு.

அதன் பிறகுதான் கடினமான பகுதி. பங்குதாரர் எல்லாரும் சமம் என்ற குழுவில் யார் யாருக்குக் கட்டளையிடுவது? ஒழுங்கு சீர்குலைந்து, 1700 நவம்பரில் அரண்மனை அதிகாரியே பெட்டர்டனைத் தனி நிர்வாகியாக நியமிக்க வேண்டியதாயிற்று. அப்போதும் 40 ஷில்லிங்குக்கு மேல் செலவழிக்கப் பங்குதாரர் ஒப்புதல் வேண்டும். அந்த வரம்போடு பெரிய முடிவு எதை எடுக்க முடியும்? இன்னொரு பக்கம் பார்வையாளரை இழுக்கப் பிரெஞ்சு நடனக்காரர்கள். 1699இல் பாலோன் என்பவருக்கு ஐந்து வாரத்துக்கு 400 கினி. அவர்களுக்குப் பெருலாபம், குழுவுக்குச் சொற்பம் என்று டௌன்ஸ் எழுதுகிறார்.

திரைமறைவு:

1705இல் ஹேமார்க்கெட் அரங்குக்குப் போனதும் ஏன் தோற்றார்கள்? கட்டடம் புதியதுதானே?

மெழுகொளி:

கட்டடம்தான் காரணம். நாடகாசிரியரும் கட்டடக் கலைஞருமான வான்பரூ கட்டியது, கண்ணுக்குப் பிரம்மாண்டம். பொன் பூசிய தூண்கள், அளவுக்கு மீறி உயர்ந்த வளைகூரை. பத்துச் சொல்லில் ஒரு சொல்கூடத் தெளிவாகக் கேட்கவில்லை, தேவாலயத்தின் உயர்ந்த மண்டபத்தில் பேசுவதுபோல ஒலி உருண்டது என்கிறார் சிப்பர். நீட்டிப் பாடும் இசைக்கு அது தாங்கும், பேச்சுக்குத் தாங்காது. தாழ்ந்த குரலில் தொடங்கி ஏற்றும் எழுபது வயது நடிகருக்கு இதைவிடப் பொருந்தாத இடம் கிடையாது. அத்தோடு ஊரின் வணிகப் பகுதியிலிருந்தும் வழக்கறிஞர் விடுதிகளிலிருந்தும் அது தூரம். பின்னர் கூரையைத் தாழ்த்தினார்கள், அதற்குள் பேச்சு நாடகங்கள் ட்ரூரி லேனுக்கும் இசைநாடகம் ஹேமார்க்கெட்டுக்கும் என்று பிரிக்கப்பட்டுவிட்டது. நிர்வாகப் பொறுப்பைப் பெட்டர்டன் வான்பரூ, காங்கிரீவ் கையில் கொடுத்துவிட்டு நடிகராக மட்டும் தொடர்ந்தார்.

பழையஏடு:

கடைசி ஆண்டுகள். 1709 ஏப்ரல் 7 அன்று ட்ரூரி லேனில் அவருக்காக உதவி நிகழ்ச்சி. மேடையை விட்டு விலகியிருந்த பாரியும் பிரேஸ்கர்டிலும் அதற்காகவே திரும்பி வந்தார்கள். 1695இல் செய்த அதே இளம் காதலன் வேடத்தை 73 வயதில் செய்தார். நிக்கோலஸ் ரோ எழுதிய முடிவுரையைப் பாரி பேசினார். இந்த ரோ அதே ஆண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பதிப்பை வெளியிட்டவர். முன்னுரையிலுள்ள வாழ்க்கைத் தகவல்களுக்காகப் பெட்டர்டன் வார்விக்ஷயர் போய் விசாரித்ததை நன்றியோடு குறிப்பிடுகிறார்.

1710 ஏப்ரல் 13 அன்று 'தி மெய்ட்ஸ் டிராஜடி' நாடகத்தில் மெலாந்தியஸ் வேடம். கீல்வாதத்தால் கால் வீங்கியிருந்தது. நிகழ்ச்சியைத் தள்ளிவைக்காமல், வீக்கத்தை உடனே வற்றவைக்கும் மருந்தில் காலை நனைத்து, காலணிக்குப் பதில் மெல்லிய செருப்போடு மேடையேறினார். நன்றாகவே நடித்தார் என்கிறார்கள். வலி உள்ளே திரும்பி ஏப்ரல் 28 அன்று உயிர் போனது. வீக்கத்தை அமுக்கியதே மரணத்துக்குக் காரணம் என்று அக்காலத்தவர் நம்பினார்கள். மே 2 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியின் கிழக்கு முற்றத் தாழ்வாரத்தில் அடக்கம்.

நாடகப்பிரியை:

அவர் சேர்த்த புத்தகங்கள், ஓவியங்கள் என்ன ஆயின?

பழையஏடு:

அதே 1710 ஆகஸ்டில் ஏலம். பட்டியல் அச்சிட்டார்கள், அது கிடைக்கிறது. ஓவியர் நெல்லர் தீட்டிய அவருடைய உருவப்படத்தை இளம் கவிஞர் அலெக்சாண்டர் போப் பார்த்துப் பிரதி வரைந்தார். அந்தப் பிரதியும் இன்று இருக்கிறது. ஏலப் பட்டியலைப் பார்ப்பவர்கள் இரண்டாம் கைப் பட்டியல்களை விட்டுவிட்டு அச்சுப் பிரதியையே பாருங்கள். நூல்களோடு படங்களும் அச்சோவியங்களும் அதில் உண்டு. எந்த அறிவை வைத்து அவர் வேடங்களைக் கட்டினார் என்று தேடுபவர்களுக்குக் கில்டனின் விதிகளைவிட அது பயன்படும்.